தீ தெரிகிறது, வண்டி தெரியவில்லை

கனடாவில் இன்றைக்கு எத்தனை இடத்தில் காடு எரிகிறது, அதில் எத்தனை தீ கட்டுக்கு அடங்காமல் ஓடுகிறது, எந்த மாகாணம் எந்த மாகாணத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறது என்பதையெல்லாம் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்தபடியே என்னால் சொல்லிவிட முடியும். எங்கள் ஊருக்கு வரவேண்டிய தீயணைப்பு வண்டி இந்த நிமிஷம் நிலையத்தில் நிற்கிறதா, எங்காவது வைக்கோல் போர் அணைக்கப் போயிருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. சில மாதமாக இது என் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கனடாவைப் பார்க்கும் பழக்கம் அக்கா மகனால் வந்தது. அவன் இருப்பது மானிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில். 2025 மே மாதக் கடைசியில் அந்த மாகாணம் முழுமைக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். வடக்கே ஃபிளின் ஃபிளான் என்கிற சுரங்க ஊர் முழுசாகக் காலியானது. மற்ற ஊர்களையும் சேர்த்தால் சுமார் 17,000 பேர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். சாலை இல்லாத ஊர்களுக்கு ராணுவ விமானம் போய் ஜனங்களை ஏற்றி வந்தது. வின்னிபெக் பக்கம் தீ வரவில்லை, புகை வந்தது. "மாமா, பகல்லயே சூரியனை வெறுங்கண்ணால பாக்கலாம், செக்கச் செவேல்னு நிக்குது" என்றான். அக்காவுக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அவளைத் தேற்றுவதற்காகத்தான் அவன் எனக்கு அங்கத்திய தீ நிலவர அறிக்கையைக் காட்டினான். "இதைத் தினம் பாருங்க மாமா. தீ எங்கிட்டு இருக்கு, அணைக்க யாரு போயிருக்காங்க, எல்லாம் இருக்கும். அம்மாகிட்ட நீங்களே சொல்லலாம். இந்த ஆபீஸே எங்க ஊர்லதான் இருக்கு."

அவன் சொன்ன அலுவலகம், கனடாவின் மாகாணங்களுக்கிடையே காட்டுத்தீ வேலையை ஒருங்கிணைக்கும் மையம். 1982இல் தொடங்கியது. அங்கே காடும் காட்டுத்தீயும் மாகாணங்களின் பொறுப்பு. அணைக்கிற வேலை அவரவர் வேலை. இந்த மையத்துக்கென்று சொந்தமாகத் தீயணைப்புப் படை கிடையாது. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும், யார் கொடுக்க முடியும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு மாகாணத்து ஆளையும் விமானத்தையும் இன்னொரு மாகாணத்துக்கு நகர்த்துவதுதான் அதன் காரியம். தீக்காலத்தில் அன்றாடம் ஒரு நிலவர அறிக்கை போடுவார்கள். அக்காவுக்குப் படித்துச் சொல்லிச் சொல்லி, அவள் தைரியமான பிறகும் என்னால் அதை விட முடியவில்லை.

ஆரம்பத்தில் தீயின் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு தீயும் நான்கு நிலையில் ஏதாவது ஒன்றில் இருக்கும். கட்டுக்கு அடங்காதது ஒன்று. இப்போதிருக்கிற ஆள்பலத்தைக் கொண்டு எல்லை தாண்டாமல் பிடித்து வைத்திருப்பது இரண்டாவது. கட்டுக்குள் வந்துவிட்டது மூன்றாவது, அணைந்தது கடைசி. எந்தத் தீயோடு முழுமூச்சாகப் போராடுகிறார்கள், எதைக் கண்காணிப்போடு எரிய விட்டிருக்கிறார்கள் என்பதும் பதிவாகும். ஆள் நடமாட்டம் இல்லாத வடக்குக் காட்டில் எல்லாத் தீயையும் அணைக்க முடியாது, அணைக்க வேண்டியதும் இல்லை. அங்குள்ள ஜாக் பைன் மரத்தின் கூம்புக்காய் பெரும்பாலும் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதை சிந்தும். எரிந்து முளைத்துத்தான் அந்தக் காடு காடாக நிற்கிறது.

போகப் போக என் கண் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிட்டது. தீயணைப்பு ஆட்கள் இத்தனை பேர், விமானம் இத்தனை, பம்பும் ஓஸும் இத்தனை, எந்த மாகாணத்திலிருந்து எதற்குப் போயிருக்கின்றன என்கிற கணக்கு அது. அதோடு நாடு முழுவதற்கும் ஆயத்த நிலை என்று 1 முதல் 5 வரை ஓர் எண். 1 என்றால் அவரவரே சமாளித்துக்கொள்கிறார்கள். 5 என்றால் நாட்டில் இருக்கிற ஆளும் வண்டியும் கிட்டத்தட்ட முழுக்க வேலையில் இறங்கிவிட்டன, கேட்டால் கொடுப்பதற்கு உள்நாட்டில் மிச்சம் இல்லை என்று பொருள். ஓர் அரசாங்க அமைப்பு, தன் கையில் இனி ஒன்றும் இல்லை என்பதை ஓர் எண்ணாக எழுதி, தானே வெளியிடுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது.

2023இல் மே மாதமே அந்த எண் 5க்குப் போய்விட்டது. அந்த வருஷம் கனடாவில் எரிந்த காடு 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல். மலை, வயல், நகரம், கடற்கரை எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்தார்கள். தீயணைப்பு வீரர்களும் செத்தார்கள். அந்த எண் 5 என்று இருந்ததால்தான் அமெரிக்கா, மெக்சிகோ, சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், தென்கொரியா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்களையும் கணக்கு விடவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேலை, பிறகு கட்டாய ஓய்வு. ஓய்வில் இருப்பவனை வேலைக்குக் கிடைப்பவனாகக் கணக்கில் காட்டக் கூடாது. மனுஷனின் அசதிக்கும் அந்தக் கணக்கில் இடம் இருக்கிறது.

பங்குனிப் பகல்

எங்கள் ஊருக்குத் தெற்கே கண்மாய். கண்மாயை ஒட்டிப் பனைகள், அப்புறம் சீமைக்கருவேல், அதைத் தாண்டித் தைலமரத் தோப்பு. மழை பொய்த்த காலத்தில் விவசாயத்தை விட்டவர்கள் தைலம் வைத்தார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். மாசி பிறந்துவிட்டால் தைலமரத்துக்கு அடியில் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். இலையில் எண்ணெய் இருப்பதால் அது மக்கவும் மக்காது. இந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரம் முடிந்து ஊர் அசந்திருந்த வேளையில் அங்கே தீப்பிடித்தது. யாரோ வரப்புக்குத் தீ வைத்தது தாவிவிட்டது என்கிறார்கள். எனக்கு அதைத் துப்புத் துலக்குவதில் இப்போது அக்கறை இல்லை.

தெற்கத்திக் காற்று. தைலச் சருகு எரிகிற சத்தம் ஒரு தினுசான சடசடப்பு. அது ஓயாமல் நெருங்கி வருவதைக் கேட்டால் நாக்கு வறண்டுவிடும். பனைமரத்தில் காய்ந்த மட்டைகள் தொங்குமே, அதைப் பிடித்துக்கொண்டு தீ அடியிலிருந்து உச்சிக்குத் திரியில் ஏறுவதுபோல் ஏறியது. உச்சியிலிருந்து பொறி பறந்து அடுத்த கருவேலில் விழுந்தது. பிள்ளைகள் வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேர் பயிருக்கு மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போனார்கள். டிராக்டர் வைத்திருக்கும் தம்பி ஒருவன் யாரும் சொல்லாமலே தீக்கு முன்னால் போய்க் கலப்பையை இறக்கி நெடுக உழுதான். சருகைப் புரட்டி வெறும் மண் கோடு போட்டுவிட்டால் தரையில் வருகிற தீ அங்கே நிற்கும் என்று அவனுக்கு அனுபவத்தில் தெரியும். கனடாவிலும் அமெரிக்காவிலும் புல்டோசர் வைத்து இதையேதான் செய்கிறார்கள்.

101க்குப் போட்டது நான். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "ஒரு வண்டி திருவிழா பந்தோபஸ்துல நிக்குதுங்க. இன்னொண்ணு வைக்கோல் போர்த் தீக்குப் போயிருக்கு. பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டோம், அங்கிட்டிருந்து வரும்." தேர் இழுக்கிற இடத்தில் பல ஆயிரம் பேர் கூடுவார்கள், அங்கே வண்டி நிற்கத்தான் வேண்டும். வைக்கோல் போர் எரிந்தவனுக்கு அது ஒரு வருஷத்து மாட்டுத் தீவனம். கிராமப்புறத்தில் அழைப்பு வந்து 20 நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது இந்தியாவில் பரிந்துரைக்கப்பட்ட அளவு. அந்த 20 நிமிஷம், வண்டி நிலையத்தில் நிற்கும்போது போடுகிற கணக்கு.

தோப்பு தாண்டித் தீ ஊரின் கடைசித் தெருவுக்கு வந்தது. அங்கே இருப்பவை பூட்டிக் கிடக்கிற வீடுகள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் கட்டுக் கட்டாக வீடு, தூணும் உத்திரமும் நிலையும் பர்மாத் தேக்கு. நூறு வருஷம் காய்ந்த மரம். வீட்டுக்காரர்கள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். பின்வாசலுக்கு வெளியே கருவேல் மண்டி, சுவரை ஒட்டி யாரோ அடுக்கி வைத்த விறகு. ஒரு வீட்டுப் பின்கட்டுக்குள் நல்ல கிணறு இருக்கிறது, கோடையிலும் வற்றாது. ஊரில் ஐம்பது வயது தாண்டிய எல்லாருக்கும் அது தெரியும், கல்யாண வீட்டுக்கு அங்கிருந்துதான் முன்பெல்லாம் தண்ணீர் இறைப்பார்கள். ஆனால் கதவு பூட்டியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் மகள் ஊருக்குப் போயிருந்தார். இன்னொரு சாவி சென்னையில். சென்னைக்கு யார் நம்பர் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதற்குள், புகையில் நின்றுகொண்டு மூன்று வீட்டுக்கு ஆள் ஓடினார்கள். கடைசியில் சென்னையில் இருக்கிற வீட்டுக்கார அண்ணனே லைனுக்கு வந்து, "என்னப்பா கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க, பூட்டை உடைச்சிட்டு உள்ள போங்க" என்றார். உடைத்து உள்ளே போனால் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. வாளியும் கயிறுமாகத்தான் இறைத்தார்கள். பின்சுவரை நனைத்து விறகை இழுத்துப் போட்டதில் வீடு தப்பித்தது.

வண்டி வரும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. இறங்கியவர்கள் முகத்தில் ஏற்கெனவே கரி இருந்தது. காலையிலிருந்து அவர்களுக்கு அது முதல் தீ இல்லை. அவர்கள் வேலை செய்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் வண்டி அது. பெரிய தீக்கு முன்னால் அது சில நிமிஷத்துச் சரக்கு. தண்ணீர் குறைந்துகொண்டே வரும்போது டிரைவர் எங்களைப் பார்த்து, "அண்ணே, அடுத்த லோடு எங்கண்ணே எடுக்கலாம்?" என்று கேட்டார்.

அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினோம். ஊருணி என்றார் ஒருவர். ஊருணியில் தண்ணீர் இருந்தது, ஆனால் சுற்றிலும் சுவரும் கம்பி வேலியும். வண்டி கரைக்குப் போக வழியில்லை. பின்கட்டுக் கிணறு என்றேன் நான். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உறிஞ்சும் ஓஸைப் போட்டு எடுத்தால் பம்பு 7 மீட்டர் ஆழம் வரைதான் தூக்கும், பங்குனியில் எங்கள் கிணறு எதிலும் தண்ணீர் அவ்வளவு மேலே நிற்காது. போர் இருக்கிறது, கரண்ட் இல்லை. தண்ணீர் இல்லாத ஊர் இல்லை இது. கூரையில் விழுகிற மழையை முற்றத்தில் பிடித்து, தெருத் தண்ணீரை வாய்க்கால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அதற்கென்றே திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் முப்பது பேர் நின்றுகொண்டு, அடுத்த லோடு தண்ணீருக்கு வழி சொல்லத் தெரியாமல் முழித்தோம்.

விசேஷ வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற பையன் ஒருவன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். "கலுங்கு ஓரத்துல மீன் குத்தகைக்காரர் தோண்டின குழியில தண்ணி கெடக்குண்ணே. வண்டியை ரிவர்ஸ்ல விட்டா கிட்டக்க போயிரலாம். கருவேல் கொஞ்சம் கீறும், பரவாயில்லையா?" என்றான். டிரைவர் பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார், பையன் முன்னால் ஓடினான். இருட்டுகிற நேரத்துக்குள் தீ ஒடுங்கிவிட்டது. எங்கே தண்ணீர் கிடக்கிறது, அதற்கு வண்டி போகுமா, எந்தப் பக்கமாகப் போகும் என்கிற தகவல் அன்றைக்கு அந்த ஒரு பையனிடம் மட்டும் இருந்தது. அவன் பிள்ளையார்பட்டிக்கு லோடு கொண்டு போயிருந்தால் எங்களிடம் அது இருந்திருக்காது. கனடாவின் கணக்கில் நான் இத்தனை மாதம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது, டிரைவர் அந்தக் கேள்வியைக் கேட்ட அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வரைபடத்தில் விழாத தீ

மறுநாள் நாசாவின் தீ வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செயற்கைக்கோள் கடந்துபோன மூன்று மணி நேரத்துக்குள் உலகத்தில் எந்த மூலையில் சூடு தெரிந்தாலும் சிவப்புப் புள்ளியாக விழும். எங்கள் தீ அங்கே இல்லை. காரணம் எளிது. வியர்ஸ் என்கிற கருவியைச் சுமந்து செல்லும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும். எங்கள் தீ அது போன பிறகு பிடித்து, அடுத்தது வருவதற்கு முன்னால் அணைந்துவிட்டது. கண்மாய்க் கோரை, பனந்தோப்பு, கருவேல் என்று நம் பக்கத்துத் தீ பெரும்பாலும் இந்த அரை நாளுக்குள் வாழ்ந்து முடிகிற தீ. மத்தியானம் கரும்புச் சோகை கொளுத்தினால் புள்ளி விழும். சாயங்காலம் ஒரு தெருவே எரிய இருந்ததற்குப் புள்ளி கிடையாது.

இந்தியாவில் இதற்கென்று நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீயைக் கண்காணிக்கிறது. முதலில் மோடிஸ் கருவி, அதன் படத்தில் ஒரு கட்டம் தரையில் ஒரு கிலோமீட்டர். 2017 முதல் வியர்ஸும் சேர்ந்தது, அதன் கட்டம் 375 மீட்டர். ஹைதராபாத் பக்கத்தில் தகவல் இறங்கி, காட்டு எல்லையோடு ஒத்துப் பார்த்து, எந்தச் சரகம், அதற்குள் எந்தப் பீட் (ஒரு வனக்காவலரின் பொறுப்புப் பகுதி) என்று பிரித்து அங்குள்ள வனக்காவலர் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி போகிறது. 2019 முதல் பெருந்தீயைத் தனியாகத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். பதிவு செய்துகொண்டால் நமக்கும் செய்தி வரும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ சூழ்ந்து 23 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த மாதிரி மலைக்காடுகளுக்கு இந்தச் செய்தி உயிர் காக்கிற செய்தி.

ஆனால் எங்கள் நிலம் எந்தப் பதிவேட்டிலும் காடு இல்லை. கண்மாய் புறம்போக்கு, கோயில் நிலம், வெளிநாட்டில் இருப்பவரின் பட்டா நிலம், குத்தகைத் தோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு சொந்தக்காரர். தீக்கு மட்டும் சர்வே எண் கிடையாது. காடு என்று எழுதாத இடத்தில் எரிந்தால் அது காட்டுத்தீக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத தீக்கு அடுத்த வருஷம் ஒரு வண்டி கூடுதலாகக் கேட்க முடியாது. எங்கள் ஊர்த் தீயின் தடயம் இப்போது அழைப்புப் பதிவில் ஒரு வரியாக இருக்கும், அவ்வளவுதான். கருகிய பனைகள் நிற்கின்றன. அவற்றை யாரும் எண்ணி எழுதவில்லை.

சரி, செயற்கைக்கோள் இன்னும் நன்றாகப் பார்க்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிற காலமும் வரத்தான் போகிறது. அப்போதும் அது தீயைத்தான் காட்டும். பக்கத்து நிலையத்தில் டிரைவர் லீவில் இருப்பதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. ஓஸ் கிழிந்திருப்பதும், ஊருணி வேலிக்குப் பூட்டுப் போட்டிருப்பதும், பின்கட்டுச் சாவி சென்னையில் இருப்பதும் வானத்திலிருந்து தெரியாது. தெரிந்த மனுஷன் அன்றன்றைக்கு உண்மையாகச் சொன்னால்தான் உண்டு. கனடாவிலும் கஷ்டமான பாதி இதுதான் என்று நினைக்கிறேன். ஏரியில் உரசிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு வினாடியில் 6,000 லிட்டர் அள்ளிக்கொண்டு எழும்புகிற விமானம் இருக்கிறதே, அதை வாங்கக் காசு போதும். என்னிடம் மூன்று இருந்தது, இரண்டைக் கொடுத்துவிட்டேன், மூன்றாவது பழுது என்று ஒரு மாகாணம் தினமும் எழுதிக் கொடுப்பதற்குக் காசு மட்டும் போதாது. எழுதுகிறவனுக்கு அதனால் கேடு வராது என்கிற நம்பிக்கை வேண்டும்.

ஓய்வு பெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவரிடம் இதைப் பேசினேன். எனக்கு அண்ணன் முறை, மனசில் பட்டதைச் சொல்வார். "நீ சொல்றது கேக்க நல்லா இருக்குப்பா. வண்டி எங்க நிக்குதுன்னு ஊருக்கே காட்டினா என்ன ஆகும் தெரியுமா? எங்க ஊர்ல எரியுறப்ப அங்க எதுக்கு வண்டின்னு போற வழியில மறிப்பான். கவுன்சிலர் போன் போடுவாரு. வேலை செய்யுறவன் கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும்" என்றார். நான் இதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். வண்டியை மறித்த கதைகள் அவர் கண்ணால் பார்த்தவை. ஆனால் அன்றைக்கு 101இல் அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி எங்களிடம் சொன்னாரே, அதன் பலன் என்ன? வண்டி இப்போதைக்கு வராது என்று தெரிந்த அந்த நிமிஷம்தான் நாங்கள் எல்லாத் தீயையும் அடிப்பதை விட்டுவிட்டு, வீடுகளுக்குப் பின்னால் கோடு போட டிராக்டரைத் திருப்பினோம். "இதோ வந்துக்கிட்டே இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். ஜனங்களுக்கு நிலவரம் தெரிந்தால் மறிப்பார்கள் என்பது ஒரு பயம். தெரியாததால்தான் மறிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்காவது ஒவ்வொரு நிலையத்தின் வண்டியும் ஆளும் தண்ணீரும் ஒரே திரையில் தெரிய வேண்டும், ஊராட்சித் தலைவர் வரை அதைப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார்.

எங்கள் பட்டியல்

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும் என்று ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். தண்ணீர் டேங்கர் பூட்டுகிற டிராக்டர் யார் யாரிடம், உழுகலப்பை யாரிடம், மருந்தடிக்கும் டேங்க் யாரிடம். பூட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் சாவி யார் கையில், வெளியூரில் யாருக்கு போன் போடுவது, உள்ளே கிணறு உண்டா, எத்தனை அடியில் தண்ணீர். சாவி விவரம் எழுதுவதற்குச் சிலர் தயங்கினார்கள். தேக்குக் கதவையும் தூணையும் கழற்றிக்கொண்டு போகிற திருட்டு நடக்கிற பகுதி இது, தயக்கம் நியாயமானது. அந்தப் பக்கத்தை மட்டும் கோயில் காரியம் பார்க்கிற பெரியப்பாவிடம் காகிதமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம். மற்றது எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. எழுதி முடித்த வாரத்திலேயே ஒரு டிராக்டர் விற்பனையாகிவிட்டது. மீன் குழி வைகாசியில் வற்றிவிட்டது. தை மாதம் எழுதினால் பங்குனியில் பொய்யாகப் போகிற பட்டியல் இது. அதனால் தண்ணீர் இருக்கிற இடங்களை மட்டும் மாசியிலிருந்து ஆவணி வரை வாரம் ஒரு தரம் போய்ப் பார்த்துத் திருத்துவது லாரிப் பையனின் பொறுப்பு. அவன் லோடு எடுக்க எப்படியும் சுற்றுகிறான், ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து டீசலுக்குக் கொடுக்கிறோம்.

பக்கத்துக் கிராமங்களும் இப்படி எழுதி வைத்தால், ஓர் ஊரின் டேங்கர் இன்னோர் ஊருக்குப் போகலாம். குன்றக்குடிச் சாலையில் மூன்று ஊர்க்காரர்களிடம் பேசியிருக்கிறேன். ஓர் ஊர் சரி என்றது, ஒன்று யோசிக்கிறது, இன்னொன்றில் இரண்டு கரைக்காரர்களுக்குள் பழைய வழக்கு இருப்பதால் அது முடியட்டும் என்கிறார்கள். அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, எங்க ஊர் மையமும் முதல்ல இப்படி ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்குறதுக்குன்னு ஆரம்பிச்சதுதானே" என்றான்.

கலுங்குக்குப் போகிற பாதையில் கருவேலை ஜேசிபி வைத்துப் பிடுங்கியாயிற்று, வண்டி இனிமேல் நேராகவே போகும். ஊருணியின் மேல்கரையில் வேலியை வெட்டி, ஓஸ் உள்ளே இறங்குகிற அளவுக்கு ஒரு கதவு போட வேண்டும். கம்பிக்கும் கூலிக்கும் பணம் சேர்ந்துவிட்டது. குடிதண்ணீர் ஊருணியில் கதவு திறந்தால் ஆடு மாடு இறங்கிவிடும் என்று பெண்கள் சொல்வது சரியான பேச்சு. பூட்டுப் போட்டு, ஒரு சாவியைத் தீயணைப்பு நிலையத்திலேயே கொடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவாகும்.